மத்தாப்புவின் போர்வை

இதை எனக்கு முதலில் சொன்னது, எங்கள் கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கிற லூர்தம்மா அக்கா. என் மூத்தவள் கல்யாணம் முடிந்து நாக்பூருக்கு ரயிலேறிய வாரம் அது. வாடின சம்பங்கியைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே சொன்னாள்.

*

"மதர், போர்வை சரியா வரலை" என்றாள் சிஸ்டர் அமலோற்பவம்.

மலைப்பாதையில் பாதி ஏறினால் அந்த மடம். பெற்றவர்கள் விட்டுப்போன பச்சைப் பிள்ளைகளை வளர்த்து, பிள்ளையில்லாதவர்கள் சட்டப்படி கேட்டு வந்தால் கொடுக்கிற இடம்.

அங்கே ஒரு வழக்கம். வளர்த்த சிஸ்டர் தன் கையாலேயே குரோஷா ஊசியில் ஒரு கம்பளிப் போர்வை பின்னுவாள். அதைப் போர்த்தித்தான் பிள்ளையை அனுப்புவார்கள். போர்வை முடியாமல் எந்தப் பிள்ளையும் படி இறங்கியதில்லை.

அமலோற்பவம் பதினொரு பிள்ளைகளை அப்படி அனுப்பியவள். ஒரு போர்வைக்கு ஒரு வாரம் போதும் அவளுக்கு.

இந்தப் பன்னிரண்டாவது மூன்று மாதமாக முடியவில்லை.

பிள்ளை தீபாவளியன்று காலையில் வாசலில் கிடந்தது. அதனால் மத்தாப்பு என்று பெயர். குறைமாசம். இவள் நெஞ்சுச் சூட்டிலேயே கிடந்துதான் பிழைத்தது. இப்போது இவள் குரல் கேட்டால் தலையைத் திருப்பிப் பார்க்கிறது.

"என்ன சரியில்லை?" என்றார் மதர் மிக்கேலம்மாள். மடத்துக்குத் தலைவி. ஆனால் அமலோற்பவத்தைவிடப் பத்து வயது இளையவர். கடற்கரைக்காரர். பேச்சைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார்.

"பச்சைக்குப் பக்கத்துல ஊதா வந்திடுச்சு. கண்ணை உறுத்துது."

"பிரிச்சிடுங்க, சிஸ்டர்."

பிரித்தாள்.

பத்து நாள் போயிற்று.

"மதர், ஓரம் சுருளுது."

"பிரிச்சிடுங்க."

அமலோற்பவத்துக்கு என்னவோ போல் இருந்தது. "நீங்க ஒரு தடவைகூட விரிச்சுப் பார்க்கலையே, மதர்?"

"உங்க கைக்குத் தெரியாததா என் கண்ணுக்குத் தெரியப்போகுது?"

அவள் போய் ஓரத்தைப் பிரித்தாள்.

*

பிள்ளையைக் கேட்டிருந்தவர்கள் கரூரிலிருந்து வந்தார்கள். கோர்ட்டு உத்தரவு கையில் இருந்தது. கணவர் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறவர். மனைவி பெயர் நல்லம்மாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம்.

"போர்வை இன்னும் முடியலைங்க" என்றாள் அமலோற்பவம்.

"ஏனுங்க சிஸ்டர், நாங்க கரூருங்க. எங்களுக்குப் போர்வைக்கா பஞ்சம்? வேணும்னா லாரியில அனுப்பட்டுங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

நல்லம்மாள் சிரிக்கவில்லை. புதுப் பால் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தாள். பார்த்தாள். மறுபடியும் பைக்குள் வைத்தாள். பிள்ளையில்லாமல் பஸ் ஏறினாள்.

அந்தப் பால் பாட்டில் அமலோற்பவத்தின் ஜெபத்துக்குள் வந்து நின்றது. ஆனாலும் மறுநாள் இரண்டு வரி பிரித்தாள்.

*

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை மறுபடியும் வந்தார்கள்.

போர்வை பார்க்க முழுசாக இருந்தது. மஞ்சள், பச்சை, ஊதா, ரோஸ். ஓரத்தில் சிவப்பு. கடைசிக் கண்ணி மட்டும் திறந்தபடி இருந்தது. அதிலிருந்து சிவப்பு நூல் இறங்கி, அமலோற்பவத்தின் கையிலிருந்த உருண்டைக்குப் போயிற்று.

"முடிஞ்சதா, சிஸ்டர்?"

"இன்னும் ஒரே ஒரு வரி போட்டா எடுப்பா இருக்கும், மதர். ஒரு வாரம் தவணை சொல்லி..."

மதர் போர்வையை வாங்கினார். முதல் தடவையாக விரித்துப் பார்த்தார்.

"அழகா இருக்கு" என்றார்.

பிள்ளையைச் சுற்றிப் போர்த்தி, நல்லம்மாளின் கையில் கொடுத்தார்.

"மதர்! நூல் இன்னும் அறுக்கலை!"

"தெரியும். உருண்டை உங்ககிட்டயே இருக்கட்டும்."

நல்லம்மாள் படி இறங்கினாள். பிள்ளையைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை. பின்னாலேயே சிவப்பு நூல் போயிற்று.

ஐந்து படி. உருண்டை அமலோற்பவத்தின் உள்ளங்கையில் சுழன்று சுழன்று விட்டுக்கொடுத்தது.

பத்தாவது படியில் விரல்கள் நூலை இறுகப் பிடித்துக்கொண்டன. எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

சிவப்பு ஓரம் அவிழ ஆரம்பித்தது. ஒரு கண்ணி. அடுத்த கண்ணி. அதற்கடுத்தது. அந்த இழுப்பில் போர்வை நழுவி, ஒரு குட்டிப் பாதம் மலைக்காற்றில் வெளியே வந்தது.

"ஐயோ, பிரியுதே! நில்லும்மா! பிள்ளைக்குக் குளிரும்!"

ஓடினாள். ஐம்பத்தேழு வயசு. ஓடியே இறங்கினாள்.

"மதர், கத்தரிக்கோல்! சீக்கிரம் கத்தரிக்கோல் குடுங்க!"

மேலே நின்ற மதர் அசையவில்லை.

"உங்க பாக்கெட்டுலதான் இருக்கு, சிஸ்டர். நாலு மாசமா."

*

அமலோற்பவம் படியிலேயே உட்கார்ந்தாள். நல்லம்மாளும் பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஊசியை எடுத்து, அவிழ்ந்ததை எல்லாம் திரும்பப் பின்னினாள். மத்தாப்பு அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. எடுப்பாக இன்னொரு வரி அவள் போடவில்லை.

கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு சாண் விட்டு நூலை அறுத்தாள். அந்த நுனியைக் கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து இறுக்கினாள்.

"இழுத்துப் பாரும்மா."

நல்லம்மாள் தயங்கி, பூப்போல இழுத்தாள்.

"அப்படி இல்லை. பலமா இழு."

இழுத்தாள்.

ஒரு கண்ணிகூட அசையவில்லை.

*

இந்தக் கதையைக் கேட்டவர்கள், இன்றைக்கு ஜெபத்தில் மத்தாப்புவுக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.