பின்சீட்டுக்கு அடியில் சந்தனம்

பழைய கார் வியாபாரி மகுடேஸ்வரன், பழைய ஹைபிரிட் ஒன்றை விலை கேட்ட டாக்டரம்மாவிடம் அளந்துவிட்டார்: "அந்தப் பழைய மாடல் ஹைபிரிட் நாளைக்குக் காயலாங்கடைக்குப் போகுது. இந்தப் புது மாடலை எடுங்க. போன மாசம்தான் பேட்டரி மாத்தினேன்."

அந்தப் பழைய வண்டியை ஒன்பது வருஷம் டிரைவராக ஓட்டியவன் பேச்சியப்பன். அது இங்கே விற்பனைக்கு வந்ததும், கார் கழுவும் வேலைக்கு அவனும் வந்துவிட்டான். தினமும் முதலில் அதைத்தான் துடைப்பான்.

"எது நல்லதுன்னு நீயே சொல்லுடா" என்று அவனைப் பார்த்துச் சிரித்தார் வியாபாரி.

"புதுசுதாங்க. பூஜை போட்ட பேட்டரியாச்சே!" என்று புது மாடலின் பின்சீட்டைத் தூக்கினான் பேச்சியப்பன். பேட்டரிப் பெட்டியில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து கிடந்தது.

"ஆயுத பூஜை முடிஞ்சு ஆறு மாசமாச்சே!" என்ற டாக்டரம்மா, பழைய வண்டியையே வாங்கிப் போனார்.

மறுநாள் காலை பேச்சியப்பன் வாளியோடு முதலில் போய் நின்றது, அந்தக் காலி இடத்தில்தான்.