பேர் சொல்லிப் போட்ட தூண்டி

இதுல ஒத்த வார்த்த பொய் கிடையாது. பொய்யின்னு எவனாச்சும் நிரூபிச்சா, என் நாக்குல தூண்டி முள்ளக் கோத்துக் கம்மாயில போடுங்க. இம்புட்டு நீள நாக்குக்கு விராலு கட்டாயம் கடிக்கும்.

வெள்ளக்கண்ணு வந்து பஞ்சர் சாமி முன்னாடி குத்த வச்சாரு.

“சாமி, என் பொண்டாட்டி எங்கூடப் பேசி ஏழு மாசமாச்சு.”

சாமி சைக்கிள் டியூபத் தண்ணிக்குள்ள முக்கி, எங்க கொப்புளம் வருதுன்னு பாத்துக்கிட்டு இருந்தாரு.

“குடுத்து வச்சவரு”ன்னாரு.

பஞ்சர் சாமின்ன உடனே சடமுடியெல்லாம் நினைச்சுக்காதீங்க. காவி கிடையாது, தாடி கிடையாது. கம்மாய்க்கரை ரோட்டுல பஞ்சர் கடை, அம்புட்டுத்தான். வயசு முப்பத்தஞ்சு. வெள்ளக்கண்ணுக்கு அம்பது. இவரு அவரச் சாமிம்பாரு, அவரு இவர அண்ணேம்பாரு. யாரு யாருக்குப் பெரியவருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. நான் படிச்சது மூணாங்கிளாசு.

வெள்ளக்கண்ணு சிரிக்கல. சிரிக்கிற நெலமையில அவரு இல்ல.

அவருக்கு ஒரு மக இருந்துச்சு. தேனு. பதினாறு வயசு. ஆவணியில மூணு நாள் காய்ச்சல். நாலாம் நாள் பிள்ளை இல்ல.

காரியம் முடிஞ்ச அன்னைக்கே மனுசன் வீட்டுல ஒரு சட்டம் போட்டாரு. அந்தப் பேர இனிமே யாரும் எடுக்கக் கூடாது. போட்டோவக் கழட்டிப் பரண்ல போட்டாரு. பாவாடை, புஸ்தகம், வளையல் எல்லாத்தையும் மூட்டையாக் கட்டினாரு. பொண்டாட்டி சிந்தாமணி மனசு ஆறட்டுமேன்னுதான் செஞ்சாரு.

அந்தம்மா மனசு ஆறல. வாய்தான் மூடுச்சு.

இப்ப அந்தம்மாவோட தம்பி அழகுராசா பையோட வந்து உக்காந்திருக்கான். திங்கக்கிழமை அக்காளக் கூட்டிக்கிட்டுப் போறான். திரும்பி வர்ற போக்கு இல்ல. புருசன் மனுசனே கிடையாது, கல்லு, பெத்த மகள சிலேட்டுல எழுதுன மாதிரி எச்சி தொட்டு அழிச்சுட்டான்னு தம்பிகிட்டச் சொல்லியிருக்கு.

“மகளும் போயிருச்சு. இவளும் போயிட்டா நான் என்ன சாமி செய்வேன்?”

சாமி டியூபத் தூக்கி ஒரு எடத்துல வெரல வச்சு அமுக்கினாரு.

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் மீன் பிடிக்கப் போவோமாண்ணே?”

வேற ஒண்ணும் சொல்லல. சாமிய வச்சுக்கிட்டு இதான் தொல்ல. கேக்குறது ஒண்ணு, கிடைக்கிறது ஒண்ணு.

ஞாயித்துக்கிழமை போனாங்க.

மாசிக் கடைசி. வெயிலுக்கு இன்னும் பல்லு மொளைக்கல. கம்மாய்த் தண்ணி எறங்கி, கரையோரம் புல்லு முளைச்சுக் கிடந்துச்சு. வெள்ளக்கண்ணு, மகன் திருமேனி, மச்சினன் அழகுராசா, சாமி. ஆளுக்கொரு தூண்டி. சாமியே வாசல்ல வந்து கூப்பிட்டதால அந்தம்மாவும் தட்ட முடியாம வந்துச்சு. வந்து, தூரத்துல ஒரு வேலமரத்துக்கடியில, வெங்காயத்தத் தட்டுல கொட்டிக்கிட்டு உரிக்க உக்காந்துச்சு.

புளிச்சோறும் அவிச்ச முட்டையும் கட்டிக் கொண்டாந்திருந்தாங்க. மீன் பிடிக்கப் போறவன் முட்டையோட போறான்னா, உங்க மச்சான் தெறம அந்த முட்டைக்கே தெரிஞ்சிருக்குன்னு நான் அழகுராசாகிட்டச் சொன்னேன். என்னைய யாரு கூப்பிட்டதுன்னு கேக்காதீங்க. சோத்து வாசம் கூப்பிட்டுச்சு.

அந்தக் குடும்பத்துல ஒரு பழக்கம். முள்ளுல புழுவக் கோத்து, அதுல லேசாத் துப்பி, ராசியான ஆளு பேரச் சொல்லித்தான் தூண்டியப் போடணும். சத்தமாச் சொல்லக் கூடாது. மீனுக்குக் காது இருக்காம், ஓடிருமாம்.

அழகுராசா பொண்டாட்டி பேரச் சொல்லி வீசுனான். தூண்டி நரம்பு பின்னாடி வேலமரத்துல மாட்டி அறுந்துச்சு.

“நீங்க இங்க இருக்குறது அத்தைக்குத் தெரிஞ்சுபோச்சு மாமா”ன்னான் திருமேனி.

சாமி தூண்டியக் கையில வச்சுக்கிட்டு, இந்த வீட்டுல ராசியான பேரு யாரு பேருன்னு கேட்டாரு.

சிரிப்பு நின்னுபோச்சு.

தேனு ஆறு வயசுல அப்பன் தூண்டியப் புடுங்கிப் போட்டு, ஒரு முழத்துக்குக் கெண்டை தூக்குச்சு. அன்னையிலருந்து அந்த வீட்டுக்கு ராசியான பேரு ஒண்ணே ஒண்ணுதான்.

சாமி திருப்பிக் கேக்கல. போயி வெள்ளக்கண்ணு பக்கத்துல ஒட்டி உக்காந்தாரு. அவரு புழுக் கோக்குறதப் பாத்தாரு. வீசுறதப் பாத்தாரு. மறுக்காப் பாத்தாரு. மூணாவது வாட்டியும் பாத்தாரு.

அப்புறம் எந்திரிச்சு நேரா அந்தம்மா உக்காந்திருந்த வேலமரத்துக்குப் போயி, துண்ட விரிச்சு, நெழலு மொத்தத்தையும் அடைச்சுக் கையக் கால நீட்டிப் படுத்துட்டாரு. கண்ண மூடுன உடனே கொறட்டை.

வெள்ளக்கண்ணுக்கு வந்துச்சே கோவம். நாளைக்கு இவ போறா, வழி சொல்ல வந்த ஆளு வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கான். என்னையப் பாத்துப் பல்லக் கடிச்சாரு. நான் முட்டையப் பாத்தேன்.

அந்தம்மாவுக்கு உச்சி வெயில்ல உக்கார முடியல. மிச்சம் நெழலு கரையில புருசன் பக்கத்துல மட்டுந்தான். தட்டத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. ஒரு மொழம் எடம் விட்டு, முதுகக் காட்டி உக்காந்து வெங்காயத்த உரிச்சுச்சு.

வெள்ளக்கண்ணு தூண்டிய இழுத்தாரு. புழுவ மீன் கொத்திட்டுப் போயிருந்துச்சு. வேற புழுக் கோத்தாரு. துப்புனாரு. ஒதடு அசைஞ்சுச்சு. வீசுனாரு.

முணுமுணுப்புக் காதுல விழுந்து அந்தம்மா கை நின்னுச்சு.

மறுபடியும் புழுப் போச்சு. மறுபடியும் கோத்தாரு. துப்புனாரு. ஒதடு அசைஞ்சுச்சு.

அந்தம்மா திரும்புச்சு.

“யாரு பேருல போடுறீங்க?”

ஏழு மாசத்துக்கு அப்புறம் மொத வார்த்த.

வெள்ளக்கண்ணு முழிச்சாரு. வாயத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு. காலையிலருந்து நாப்பது வாட்டி வீசியிருப்பாரு. நாப்பது வாட்டியும் அந்த வாயி என்ன சொல்லிக்கிட்டு இருந்துச்சுன்னு அப்பத்தான் அவருக்கே தெரிஞ்சுச்சு.

“பழக்கதோசம்”னாரு. “தெரியாம வந்துருச்சு. இனிமே வராது.”

கோத்த புழுவ முள்ளுலருந்து உருவிப் போட்டாரு.

அந்தம்மா கொட்டாங்குச்சியிலருந்து ஒரு புழுவ எடுத்துச்சு. மண்ணத் தட்டி, முள்ளுல பதனமாக் கோத்துச்சு. அவரு பக்கம் நீட்டுச்சு.

அவரு துப்புனாரு. ஒதடு அசைஞ்சுச்சு.

“சத்தமாச் சொல்லுங்க.”

“மீன் ஓடிரும் சிந்தாமணி.”

“ஓடட்டும்.”

கம்மாயில இருந்த கொக்கு அத்தனையும் எந்திரிச்சுப் பறந்துச்சு.

அம்புட்டுத்தான் கதை. என்ன, கண்ணத் தொடைக்கிறீங்க, தூசியா? அழுதவங்க ஆளுக்கொரு டீ வாங்கிக் குடுங்க. அழாதவங்க ரெண்டு. வடை தனி.