மீதி நாற்பது

"தாயே, எனக்குள்ளே சூடு ஏறுது. இது அதுதானா?"

கேட்கிற நேரமா அது?

ஆசிரமக் குடிலுக்குள் சடையப்ப சாமி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் குழாய் வழியாகக் காற்று அனுப்பும் ஆக்சிஜன் மெஷின் கீச் கீச்சென்று அலறியது, நின்றது, மறுபடி முனகியது. அடிவாரத்திலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. மழையில் மலைப்பாதை ஏறி அது வந்து சேருகிற வரைக்கும் இந்த மெஷின்தான் கதி.

பொன்னம்பலத்துக்கு அது தெரியாமலில்லை. அறுபதை நெருங்குகிற மனிதர். சாமியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து குடிலில் படுக்கவைத்ததே அவர்தான். ஆனாலும் ஞானம் வந்துவிட்டதோ என்ற சந்தேகத்தை எத்தனை நாழி நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பது?

குரு அரசி அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். மின்பொறியாளர் உத்தியோகத்தை உதறிவிட்டுக் காவி கட்டியவர். குடில் வாசலில் மண்டியிட்டு, மெஷின் செருகியிருந்த ப்ளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போ ஏறுது?" நிமிராமலே கேட்டார்.

"சாமிக்காகத் தியானத்துல உட்கார்ந்தா ஏறுது. அடியிலேர்ந்து முதுகுத்தண்டு வரைக்கும். எழுந்தா அடங்கிடுது. என் தவம்தான் அவரைப் பிடிச்சு வச்சிருக்குன்னு தோணுது தாயே. போய் உட்காரட்டுமா?"

மெஷின் கீச்சிட்டது.

"இருங்க. உங்க அறை ப்ளக்கிலேர்ந்துதானே இங்கே கம்பி வருது? அங்கே இருநூத்து முப்பது வோல்ட் இருக்கு. இங்கே நூத்துத் தொண்ணூறுதான் வருது. மீதி?"

"நாற்பது. இதே கம்பியில ஓடுற சாமியோட ஹீட்டரை அணைச்சா மெஷினுக்குச் சரியாப் போகாதா?"

"அணைச்சுப் பார்த்தேன். குளிர்ல சாமிக்கு உடம்பு தூக்கிப் போடுது. ரெண்டும் வேணும். கம்பியில அஞ்சு ஆம்பியர் ஓடுது. நாற்பதை அஞ்சால வகுங்க."

இரும்புக்கடை நடத்தியவருக்கு இது ஒரு கணக்கா?

"எட்டு."

"எட்டு ஓம். அவ்வளவு தடை கம்பியில இருக்கு. நடுவுல இருக்கிறது ஒரு முற்றம். இந்தத் தூரத்துக்கு ஒரு ஓம்கூட வரக் கூடாது."

பொன்னம்பலம் கம்பியை அண்ணாந்து பார்த்தார். அவரே இழுத்துக் கட்டியது. அவர் அறை ஜன்னலிலிருந்து முற்றத்துக்கு மேலே நேராக வந்திருந்தது. அதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

உள்ளே இருமல் கேட்டது. பிறகு அந்த இருமலும் இல்லை. பொன்னம்பலம் தன் அறைப் பக்கம் திரும்பினார்.

"கணக்குப் பார்க்கிற நேரமா தாயே இது? நான் போய் உட்கார்றேன்!"

அம்மா அவர் தோள்துண்டின் நுனியைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. நாற்பதை அஞ்சால பெருக்குங்க."

"இருநூறு."

"இருநூறு வாட். அது காத்தோட போகலை. வழியில எங்கேயோ சூடா வந்துட்டிருக்கு. சாமிக்கு வரவேண்டியது அது. எங்கே?"

சூடா? பொன்னம்பலம் தன் அறை ஜன்னலைப் பார்த்தார்.

ஓடினார்.

அறையில் அவருடைய தியானப் பலகை. மேலே விரித்திருந்த கம்பளத்தை வீசியெறிந்து, பலகையைப் புரட்டிப் போட்டார்.

அடியில் கம்பிச் சுருள், கடையில் சுற்றிக் கொடுத்தபடியே, மிச்சத் தொண்ணூறு மீட்டரும். சாமியின் உயிருக்குப் போகிற கம்பியை அறுப்பது அபசகுனம் என்று, குடிலுக்குப் போனது போக மிச்சத்தை வெட்டாமல் பலகைக்கு அடியில் தள்ளியவர் அவரேதான். ப்ளக்கில் கிளம்பிய மின்சாரம் அந்தச் சுருள் முழுவதையும் சுற்றிவிட்டுத்தான் ஜன்னலைத் தாண்டியிருக்கிறது.

தொட்டார். கை சுட்டது. கம்பியின் மேலுறை இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. பலகையின் அடிப்பக்கம் முறுகல் தோசை போலச் சிவந்திருந்தது.

"தாயே, மிச்சக் கம்பிச் சுருள் இங்கே கொதிக்குது!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"அறுங்க!" முற்றத்தைத் தாண்டி அம்மாவின் குரல் வந்தது.

"மெஷின் நின்னுடுமே தாயே!"

"நிக்கும். நான் நாடியைப் பிடிச்சிருக்கேன். அறுங்க!"

ப்ளக்கைப் பிடுங்கினார். குடிலில் முனகல் நின்றது.

சுருளுக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு. அந்தப் பக்கம் ஒரு வெட்டு. உறையைப் பல்லால் கடித்து உரித்தார். இரு முனைகளையும் சேர்த்து முறுக்கினார். டேப் பிரியமாட்டேன் என்றது. நகத்தால் கீறிப் பிரித்துச் சுற்றினார். அத்தனை நேரமும் குடிலிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் இப்படி வேண்டிக்கொண்டதே கிடையாது.

செருகினார்.

மெஷின் ஒரு தடவை உறுமியது. பிறகு ஒரே சீராக ஓடியது.

அவர் குடில் வாசலுக்கு வந்தபோது மீட்டர் இருநூற்று இருபத்தைந்து காட்டியது. ஹீட்டர் கம்பி தணலாகச் சிவந்திருந்தது. அம்மா சாமியின் மணிக்கட்டிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை.

சாமியின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

"பொன்னம்பலம்... இன்னிக்குத்தான் குளிர் விட்டிருக்கு. என்னப்பா பண்ணே?"

பொன்னம்பலம் உள்ளே வந்து சாமியின் காலைத் தொட்டார். வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

"இப்போ போய் உட்காருங்க" என்றார் அம்மா.

அறையில் பலகை புரண்டு கிடந்தது. அதை அவர் தொடவில்லை. வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

தரை சில்லென்று இருந்தது.

குடிலிலிருந்து மெஷின் சத்தம் விடாமல் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.