ஐந்தாம் அங்கத்தில் அவளுக்கு வசனம் இல்லை

ஊர் ஊராகக் கொட்டகை போட்டுச் சிரிப்பு நாடகம் நடத்திய கம்பெனி அது. நாடகம் எழுதுவதும் சொல்லித் தருவதும் கமலவேணி. அவளிடம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவள் பிரகாசி. வரும்போதே இடுப்பில் ஆறு மாதக் குழந்தை.

முதல் வேலையாகப் பிரதியெடுக்கச் சொன்னாள் கமலவேணி. முழு நாடகத்தை யார் கையிலும் கொடுக்கமாட்டார்கள். அவரவர் பேசும் வசனத்தை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் நாயகியின் தாள்களை அடுக்கிப் பார்த்த பிரகாசிக்குப் பகீரென்றது. நான்கு அங்கத்துக்கு முப்பது தாள். ஐந்தாவதுக்கு ஒன்றுகூட இல்லை.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன். கடைசி அங்கத்துல நாயகி வசனத்தை விட்டுட்டேன் போல."

கமலவேணி தாளைப் புரட்டக்கூட இல்லை. "விடல. அவளுக்கு அங்க வசனம் கிடையாது."

"ஒரு வரிகூடவா?"

"அஞ்சு அங்கமும் எப்படிப் போகுது, சொல்லு."

பிரகாசி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றாள். "ஒண்ணுல முடிச்சு விழும். ரெண்டுல சிக்கும். மூணுல இறுகும், புருஷன் சந்தேகப்பட்டு நாலு பேர் முன்னால பொண்டாட்டிய ஏசுவான். நாலுல, இனி அவிழாதுன்னு சனம் பயப்படும். அஞ்சுல அவிழும்."

"யாரு அவிழ்க்கிறா?"

"ஒரு கடுதாசி வரும். இல்லன்னா காணாமப்போன அண்ணன் வருவான். புருஷன் தப்பை உணர்ந்து மாலையோட நிப்பான்."

"அவ?"

"கழுத்தை நீட்டுவா." பிரகாசி தாள்களை மறுபடி புரட்டினாள். "ஏங்க்கா, மன்னிச்சியான்னு அவளை ஒருத்தரும் கேக்கமாட்டாங்களா?"

"கேட்டா ஆறாம் அங்கம் எழுதணும். சனம் கடைசி வண்டியப் பிடிக்க வேண்டாமா?"

பிரகாசிக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகை வாசலில் அவள் புருஷன் சூசை வந்து உட்கார்ந்திருந்தான். கூடவே ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர். 'இது யார் பிள்ளை, சொல்லுட்டி' என்று கேட்டு, இதே குழந்தையைக் கிணற்றுக்கு மேலே ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்தவன் அவன். அன்றைக்கு ஓடிவந்தவள்தான் இவள். இப்போது, கதை கட்டிவிட்டது பங்காளி என்று தெரிந்துவிட்டதாம். பட்டும் பூவுமாக வந்திருந்தான்.

"ஏ பிரகாசி!" பெரியவர் குரல் கொடுத்தார். "எல்லாம் சரியாப் போச்சுல்லா? பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பு தாயி. பொழுதோட போய்ச் சேரணும்."

கம்பெனி ஆட்கள் கூடிவிட்டார்கள். கோமாளி வேஷக்காரன் கையைத் தட்டினான். "மாப்பிள்ளை முகத்தைப் பாருங்கப்பா, பூனைக்குட்டி மாதிரி! போ தங்கச்சி, சுபம் போட்டுரலாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். சூசையும் சிரித்தான். பிரகாசி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"அக்கா, நான் என்ன சொல்ல?"

கமலவேணி ஒரு வெற்றுத் தாளை எடுத்து, மேலே 'அங்கம் ஐந்து, நாயகி' என்று எழுதி அவள் முன்னால் வைத்தாள்.

"இவ வாயத் திறந்தா என்ன சொல்லுவா?"

"வரமாட்டேன்னு சொல்லுவா."

"எழுது."

"எழுதினா சனம் கல்லெடுத்து எறியும்க்கா."

"எறியும். அதை ஊரே பார்க்கும். திரை விழுந்த பிறகு கிணத்துல அவன் எறியறதைப் பார்க்கத்தான் ஒருத்தரும் இருக்கமாட்டாங்க."