நரி போட்ட ஈரக்குலை ஊஞ்சல்

தேன்மலைக் காட்டில் இருந்த நரி சொக்கலிங்கத்துக்கு வேட்டையாடிப் பிழைப்பது அலுத்துப் போயிற்று. ஓட வேண்டும், பதுங்க வேண்டும், கைக்கு வந்தது நழுவிவிட்டால் பட்டினி கிடக்க வேண்டும். அதனால் அது ஒரு ஊஞ்சல் போட்டது.

சாதாரண ஊஞ்சல் இல்லை. மலை விளிம்பில், பள்ளத்தாக்கின் மேல் சாய்ந்து நிற்கும் நாவல் மரத்திலிருந்து ஒரு தடித்த கொடி தொங்கியது. அதன் நுனியில் பாக்கு மட்டையை இருக்கையாகக் கட்டியிருந்தது நரி. உட்காருபவரின் இடுப்பைச் சுற்றி முடிய ஒரு நார்க்கயிறு. பின்னால் இழுத்து விட்டால் ஊஞ்சல் பள்ளத்தாக்கின் நடுவரைக்கும் பறந்து போய், அங்கே ஒரு கணம் தலைகீழாகக் கவிழ்ந்து, திரும்பி வரும். கீழே ஆறு மண்புழு மாதிரி நெளிவது தெரியும். இதற்கு 'ஈரக்குலை ஊஞ்சல்' என்று பெயர் வைத்தது நரி. ஏற வருபவர்கள் ஆளுக்கு ஏதாவது தின்பண்டம் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் காட்டில் புலி இருந்தது, வேடன் வந்து போனான், கோடையில் தீயும் பிடித்தது. இவ்வளவு பயம் சும்மா கிடைக்கிற இடத்தில், இன்னும் கொஞ்சம் பயம் வேண்டும் என்று விலங்குகள் தின்பண்டத்தோடு வரிசையில் நின்றன. நம்பத்தான் வேண்டும்.

பாதுகாப்பில் நரி ஒரு குறையும் வைக்கவில்லை. அப்படித்தான் அதுவே எல்லோரிடமும் சொன்னது. தினமும் காலையில் ஊஞ்சலுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிக்கும். பிறகு சோதனை நடக்கும். தாண்டவன் என்ற குரங்கு ஏறி உட்காரும். நரி இழுத்து விடும். தாண்டவன் பறந்து போய், கவிழ்ந்து, நிமிர்ந்து, திரும்பி வந்து இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு "பக்கா" என்று சொல்லும். அந்தச் சொல் வந்த பிறகுதான் வரிசை நகரும்.

காட்டின் பாதுகாப்பு அதிகாரியான கரடியாரும் ஒருமுறை வந்து பார்த்தார். அவருக்காக நரி ஒரு முழுத் தேனடை எடுத்து வைத்திருந்தது. அதை முடித்து விரலை நக்கிய பிறகு கரடியார் கேட்டார்.

"இதுவரைக்கும் யாராவது விழுந்திருக்காங்களா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப சரி. விழுந்தா சொல்லி அனுப்பு."

மழைக்காலம் வந்து போனது. நார்க்கயிறு நனைந்தது, காய்ந்தது, மறுபடி நனைந்தது. பூசணிக்காய் மட்டும் தினமும் புதிதாக வந்தது.

அப்போதுதான் முயல் குட்டிகளின் முறை வந்தது. மறுநாள் காலையில் அவை ஏறலாம் என்று நரி அறிவித்துவிட்டது. செவந்தி என்ற முயலின் ஒரே மகள் மொச்சைக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. முந்திய ஈற்றில் பிறந்த குட்டிகளைப் பருந்து கொண்டுபோய்விட்டதால், செவந்திக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். மகளை ஏற்றப் போகிற ஊஞ்சலை முதலில் தானே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அது அன்றைய சோதனைக்கு வந்து நின்றது.

தாண்டவன் போய் வந்தது. "பக்கா" என்றது.

"தாண்டவா, தப்பா எடுத்துக்காதே. நீ கவிழ்ந்து தொங்கினப்ப உன் கை எங்க இருந்துச்சு?" என்று கேட்டது செவந்தி.

தாண்டவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "கையா? அது பாட்டுக்கு எங்கயாவது இருக்கும்."

"கையும் காலும் நாலுமே கொடியைப் பிடிச்சிருந்துச்சு. இடுப்புக் கயிறு தொளதொளன்னு தொங்கிச்சு. நான் பார்த்தேன்."

வரிசையில் நின்றவர்களுக்கு எரிச்சல் வந்தது. "பயமா இருந்தா வீட்ல கிடக்க வேண்டியதுதானே. இங்க வந்து எதுக்கு உயிரை வாங்கறது?" என்றது ஓர் அணில்.

"நீ ஏறினே, ஒண்ணும் ஆகலே. உனக்கு நகம் இருக்கு, மரத்துலயே பொழைக்கிறவ. உனக்கு முன்னாடி உடும்பு ஏறிச்சு. உடும்புக்குக் கயிறே வேண்டாம். என் பொண்ணோட முன்னங்காலால ஒரு புல்லைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாது. அவளுக்கு அந்தக் கயிறு ஒண்ணுதான்" என்றது செவந்தி.

நரி பல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்தது. "பயப்படறதுக்குத்தானே தங்கச்சி எல்லாரும் இங்க வர்றாங்க? பயமே இல்லேன்னா அப்புறம் நான் எதை விக்கிறது?"

"பயம் இருக்கட்டும் அண்ணே, கயிறும் இருக்கட்டும். ஒரு பலாப்பழத்தை உட்கார வச்சு, இடுப்புக் கயிறைக் கட்டி விட்டுப் பாருங்க. அது எதையும் பிடிச்சுக்காது. அது திரும்பி வந்தா என் பொண்ணு வருவா."

"பலாப்பழம் வந்து 'பக்கா'ன்னு சொல்லுமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. செவந்தி சிரிக்கவில்லை.

"சரி அண்ணே. நாளைக்கு முதல்ல உங்க குட்டி போகட்டும். அடுத்தது என் மொச்சை."

நரியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "அவனுக்கு ரெண்டு நாளா சளி."

நரிக்குட்டி பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தது. மூக்கு துடைத்து வைத்த மாதிரி காய்ந்திருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மறுபடி வரிசையில் யார் முன்னால் என்று சண்டை போட ஆரம்பித்தார்கள்.

ஆனால் தாண்டவனுக்கு மனசு ஆறவில்லை. இத்தனை நாள் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்ப்பதாக அது நம்பிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு முயல் வந்து, நாலு பேர் முன்னால் அதெல்லாம் வேலையே இல்லை என்கிறது.

"என் சோதனைல என்ன குறை கண்டே? கையையும் காலையும் மடக்கிக்கிட்டு, கயித்தை மட்டும் நம்பிப் போறேன். பார்த்துக்கோ" என்றது தாண்டவன்.

"வேண்டாம் தாண்டவா. பலாப்பழத்தைத்தான் கேட்டேன். உன்னைப் போகச் சொல்லலே" என்று பதறியது செவந்தி.

தாண்டவன் கேட்கவில்லை. கைகளை மார்போடு கட்டிக்கொண்டது. கால்களை மடித்துக்கொண்டது. நரி இழுத்து விட்டது. ஊஞ்சல் நடுவரைக்கும் போய்ச் சேரவே இல்லை. பாதி வழியில் சாய ஆரம்பித்ததுமே இடுப்புக் கயிறு படக்கென்று அறுந்தது. தாண்டவன் காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தபடி கீழே போனது. சரிவில் இருந்த மூங்கில் புதர்தான் அதைத் தாங்கிக்கொண்டது. மேலே தூக்கி வந்தபோது ஒரு கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. வலியில் அதன் பல் கிட்டியிருந்தது.

நரி சொல்லி அனுப்பியது. கரடியார் வந்தார், தேனடை வந்தது, விசாரணை நடந்தது. நார்க்கயிற்றை அவர் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. விரலை நக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"கையை விட்டதுதான் விபத்துக்குக் காரணம்."

அதோடு விஷயம் முடிந்தது. அறுந்த இடத்தில் நரி ஒரு முடிச்சுப் போட்டது. மரத்தில் 'கையை விடக் கூடாது' என்று ஒரு பலகை மாட்டியது. ஊர்க்கண் பட்டுவிட்டது என்று சொல்லி, மறுநாள் காலையில் ஒரு பூசணிக்காய்க்கு இரண்டாக உடைத்தது.

அன்றைக்கு வரிசை ஆற்றங்கரை வரைக்கும் நீண்டது. நேற்று ஒருவன் நிஜமாகவே விழுந்த ஊஞ்சல் அல்லவா! அதில் ஏறிவிட்டு வந்தோம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு தனிப் பெருமை இருக்கத்தான் செய்தது. வரிசையின் முதலில் முயல் குட்டிகள் நின்றன. செவந்தி மொச்சையின் கையை விடவில்லை. மொச்சை இழுத்துக்கொண்டு குதித்தது.

"எல்லாரும் போறாங்கம்மா. நான் மட்டும் போகலேன்னா என்னைக் கேலி பண்ணுவாங்க."

"பலகையைப் படிச்சீங்களா அண்ணே? என் பொண்ணு எதைப் பிடிச்சுக்குவா?" என்று நரியிடம் கேட்டது செவந்தி.

"முன்னங்கால் இருக்குல்ல? சின்னதா இருந்தாலும் கை கைதான்."

சோதனை நடக்காமல் ஊஞ்சலைத் திறக்க முடியாது. அது வழக்கம். ஆகவே காலில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்த தாண்டவனைத் தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் உட்கார வைத்தார்கள்.

"நீ ஏற வேண்டாம்பா. உட்கார்ந்த இடத்துலேர்ந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டாப் போதும்" என்றது நரி.

தாண்டவன் ஊஞ்சலைப் பார்த்தது. அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டிருந்த கயிற்றைப் பார்த்தது. பிறகு வரிசையில் நின்ற குட்டிகளின் பஞ்சு மாதிரியான முன்னங்கால்களைப் பார்த்தது. முந்தின நாள் காற்றில் தன் கைகால் நாலுக்கும் ஒன்றும் அகப்படாத அந்த நேரம் அதற்கு ஞாபகம் வந்தது.

"சொல்ல மாட்டேன். இத்தனை நாளா நான் கயித்தைச் சோதிக்கவே இல்லே. என் பிடியைத்தான் சோதிச்சேன். குரங்குப் பிடி பக்கா. கயிறு எப்படின்னு எனக்கே நேத்துத்தான் தெரிஞ்சுது."

நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"அவன் சொல்லாட்டி என்ன? இது என் ஊஞ்சல். நானே சொல்றேன், பக்கா."

"அப்ப நீயே ஒரு தரம் போயிட்டு வா, மாமா" என்றது அணில். முந்தின நாள் செவந்தியைத் திட்டிய அதே அணில்தான்.

நரி பள்ளத்தாக்கின் பக்கம் ஓரடி வைத்தது. எட்டிப் பார்த்தது. காற்று அதன் மீசையை மேலே தூக்கியது. மெல்லப் பின்னால் வந்தது.

"எனக்கு உயரம் ஒத்துக்காது" என்றது.

யாரும் சிரிக்கவில்லை. வரிசையின் கடைசியில் நின்றவர்கள் முதலில் நழுவினார்கள். பிறகு நடுவில் நின்றவர்கள் தங்கள் தின்பண்டத்தைத் தாங்களே தின்றுகொண்டு கலைந்தார்கள். தாண்டவனைத் தூக்கி வந்தவர்களே திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் மரத்தடியில் நரியும், வெயிலில் நாறத் தொடங்கியிருந்த இரண்டு பூசணிக்காயும்தான் மிஞ்சின.

மொச்சை வீடு போய்ச் சேரும்வரை அழுதது. "நீ ரொம்ப மோசம், உன்னோட நான் பேச மாட்டேன்" என்று காலை உதைத்துக்கொண்டு, ஊர் கேட்கிற மாதிரி அழுதது. செவந்தி அதைச் சமாதானம் செய்யவில்லை. அந்த அழுகையைக் கேட்கக் கேட்க அதற்கு நெஞ்சு நிறைந்துபோனது.

விழாதவனை ஏற்றிச் சோதித்துவிட்டு, விழக்கூடியவனை ஏற்றி அனுப்புவதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல.