கிழக்குக் கிடங்கும் மேற்குக் கிடங்கும்

ஏரிக்கரை மேட்டில் வெள்ளெலிக் கூட்டம் ஒன்று புதிதாகக் குடியேறியது. ஆளுக்கொரு சின்ன வளை தோண்டிக்கொண்டார்கள். தானியம் சேர்த்துவைக்க மட்டும், பெருச்சாளி ஒன்று எப்போதோ விட்டுப்போன பழைய வளையை எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் கரையின் கிழக்குச் சரிவில் ஒரு வாசல் இருந்தது. மேற்குச் சரிவில், கருவேல முள்ளுக்கு அடியில், இன்னொரு வாசல் இருந்தது. இரண்டிலிருந்தும் நீளமான சுரங்கங்கள் வளைந்து வளைந்து உள்ளே போயின.

சுரங்கங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செம்பி என்ற பெண் எலிக்குக் கிடைத்தது. சரிந்த மண்ணை வாருவாள். நீட்டிக்கொண்டிருக்கும் வேரைக் கடித்துப் போடுவாள். முதல் நாளே இரண்டு வாசலிலும் நுழைந்து, சுரங்கத்தின் முனையில் நின்றபடியே இருட்டில் எட்டிப் பார்த்துவிட்டு, தலைவர் ஊசிமீசையாரிடம் மூச்சிரைக்க ஓடினாள்.

"தலைவரே! கிழக்கு வழியில போனா பெரிய கிடங்கு ஒண்ணு இருக்கு! மேற்கு வழியில போனாலும் அதே மாதிரி பெரிய கிடங்கு இருக்கு!"

"அப்படின்னா ரெண்டு கிடங்கா!"

"ரெண்டு கிடங்கு தலைவரே!"

எல்லோருக்கும் சந்தோஷம். சாமைக் கதிர் அறுவடை ஆகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வெள்ளெலிகளுக்கு முதுகில் வெயில் பட்டால் ஆகாது. அதனால் காலையில் நிழல் விழுந்திருக்கும் மேற்கு வாசல் வழியாகக் கதிர் கொண்டுபோனார்கள். மாலையில் கிழக்கு வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். கொண்டுவந்ததைத் தள்ளிவிட்டு வந்த வழியே திரும்பினார்கள். குவியல் கூரையைத் தொட்டது. அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் பார்க்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

"ரெண்டு கிடங்கும் நிரம்பிடுச்சு. இனிமே எதுக்கு ஓடணும்? போதும்!" என்றார் ஊசிமீசையார்.

அந்தச் சமயத்தில்தான் குட்டைவாலி வந்து சேர்ந்தாள். அவளுக்கு இன்னும் கண் திறக்காத ஆறு குட்டிகள். ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கொண்டுவந்து கரையில் கிடத்தினாள்.

"டிராக்டர் வந்து எங்க வளையைப் புரட்டிப் போட்டுடுச்சுங்க. மழை முடியறவரைக்கும் இடம் கொடுத்தாப் போதும்."

ஊசிமீசையார் நல்ல மனசுக்காரர். "இரும்மா. நமக்குத்தான் ரெண்டு கிடங்கு இருக்கே! கிழக்கு எங்களுக்கு. மேற்குல நீ எடுத்துச் சாப்பிடு" என்றார்.

பத்து நாள் போயிற்று. ஒரு மாலை, கதிர் எடுக்கப் போன நெட்டைக்காலன் என்ற மூத்த எலி கத்திக்கொண்டே வெளியே வந்தான்.

"கிழக்குக் கிடங்குல குவியல் இறங்கிப்போச்சு! நாம தின்னதுக்கு மேலயே குறைஞ்சிருக்கு! திருட்டு நடக்குது!"

"யாரு திருடுவா?"

"இது ஒரு கேள்வியா? புதுசா யாரு வந்திருக்கா?"

எல்லோரும் குட்டைவாலியின் வளைப் பக்கம் திரும்பினார்கள்.

"நான் கிழக்கு வாசலை மிதிச்சதுகூட இல்லீங்க!" என்றாள் அவள்.

"பிடிபடறவரைக்கும் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்றான் நெட்டைக்காலன்.

ஊசிமீசையார் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில், "நாளைக் காலையில கிளம்பிடும்மா" என்றார், அவள் முகத்தைப் பாராமல்.

வானம் ஏற்கெனவே கறுக்கத் தொடங்கியிருந்தது. ஐப்பசி மழை எந்த நாளும் இறங்கலாம். கண் திறக்காத ஆறு குட்டிகளோடு திறந்த வயலில் ஒருத்தி என்ன செய்வாள்? செம்பிக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் திருட்டு என்றால் திருட்டுதானே? கையும் களவுமாகப் பார்த்துவிட்டால் நிம்மதி என்று, அன்று நள்ளிரவுவரை கிழக்குக் கிடங்கில் பதுங்கியிருந்தாள். பொழுது போகாமல் ஒரு வேர்க்கடலையைக் கொறித்தாள். யாரும் வரவில்லை. பாதிக் கடலையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

காலையில் விருந்தாளியின் மேற்குக் கிடங்கையும் பார்த்துவிடலாம் என்று முள்ளுக்கு அடியில் நுழைந்தாள். அங்கேயும் குவியல் இறங்கியிருந்தது. இப்போது அதன் மேல் ஏற முடிந்தது. ஏறினாள். அந்தப் பக்கம் சறுக்கி இறங்கினாள். காலில் ஏதோ குத்தியது.

பாதி கடித்த வேர்க்கடலை.

மீசையால் தடவிப் பார்த்தாள். செம்பிக்கு முன்பல் ஒன்று மூளி. கடலையில் இருந்த கடியும் மூளிக் கடி.

எதிரே ஒரு சுரங்கம் தெரிந்தது. அதில் நடந்தாள், வளைவுகளில் திரும்பினாள், வெளியே தலையை நீட்டினாள். காலை வெயில் பளீரென்று முகத்தில் அடித்தது.

மேற்கு வாசலில் நுழைந்தவள் கிழக்கு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கிடங்கு ஒன்றுதான். இரண்டாக இருந்தது வழி மட்டுமே. விருந்தாளி தனக்குக் கொடுத்ததைத்தான் தின்றாள். அது எல்லோருடைய குவியலாகவும் இருந்தது, அவ்வளவுதான்.

சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. குட்டைவாலி போய்விடுவாள். குவியல் குறைவது நிற்கும். செம்பி சொன்னது பொய்யாகாது. அங்கே, கரை மேட்டில், குட்டைவாலி முதல் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வளையை விட்டு வெளியே வந்தாள்.

"நில்லுங்க! திருட்டே நடக்கலை! கிடங்கு ஒண்ணுதான்! ரெண்டுன்னு சொன்னது என் தப்பு!" என்று கத்தினாள் செம்பி.

யாரும் நம்பவில்லை. ஊசிமீசையாரே கிழக்கே நுழைந்தார். திரும்பிவருவார் என்று எல்லோரும் கிழக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரோ மேற்கே முள்ளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"உன் பேச்சை நம்பித்தானே கதிர் பொறுக்கறதை நிறுத்தினேன்!" என்றார்.

"ஆமா தலைவரே. முதல் நாளே நான் கிடங்கைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கணும்."

"அப்போ நான் திருட்டுன்னு சொன்னது…" என்று இழுத்தான் நெட்டைக்காலன்.

குட்டைவாலி வாயிலிருந்த குட்டியைக் கீழே வைத்தாள். "அதை அப்புறம் பேசிக்கலாம். இதுக்குக் குளிருது. நான் உள்ளே போகலாமா, வேண்டாமா? அதை மொதல்ல சொல்லுங்க."

"போம்மா, போ" என்றார் ஊசிமீசையார்.

நெட்டைக்காலனுக்கு வெட்கம். வெட்கம் கோபமாயிற்று. "ரெண்டு வழி இருக்கறதாலதானே இவ்வளவு குழப்பமும்! ஒண்ணை அடைச்சிடுவோம்!"

"வேண்டாம் அண்ணே. வழியில தப்பு இல்லை. நாம வச்ச பேருலதான் தப்பு. இனிமே கிழக்குக் கிடங்கு, மேற்குக் கிடங்குன்னு யாரும் சொல்லக் கூடாது. கிடங்கு, அவ்வளவுதான். எந்த வாசல் கிட்ட இருக்கோ அதுல போகட்டும்" என்றாள் செம்பி.

அன்றே எல்லோரும் வயலுக்கு ஓடினார்கள். வெயிலை யாரும் பார்க்கவில்லை. ஒரு கூட்டம் கிழக்கே கொண்டுபோய்த் தள்ளியது. அதே நேரம் இன்னொரு கூட்டம் மேற்கே தள்ளியது. குட்டைவாலியும் குட்டிகளைத் தூங்கவைத்துவிட்டு வந்து சுமந்தாள். நாலே நாளில் குவியல் மறுபடி கூரையைத் தொட்டது.

ஐந்தாம் நாள் மழை பிடித்தது. விடாமல் அடித்தது. மழை தொடங்கிய மூன்றாம் நாள் கிழக்குச் சரிவு மொத்தமாக இடிந்து, வாசலும் சுரங்கமும் சேற்றில் மூடிப்போயின.

செம்பி ஓடிவந்து பார்த்தபோது நெட்டைக்காலன் மூடிய வாசலுக்கு எதிரே நனைந்துகொண்டு நின்றிருந்தான். அவன் பின்னால் வயிறு ஒட்டிப்போய் நாலைந்து பேர் வரிசையாக நின்றார்கள்.

"எதுக்கு அண்ணே இங்க நிக்கறீங்க?"

"எப்பவும் இதுலதானே போவேன்? மண்ணு கரைஞ்சா திறக்கும்."

"மழை நிக்கறவரைக்கும் திறக்காது! மேற்கால வாங்க அண்ணே, அங்கயும் இதே கதிர்தான்!"

தயங்கித் தயங்கி அவன் அவள் பின்னால் நடந்தான். முள்ளுக்கு அடியில் நுழைந்து உள்ளே போனான். கதகதப்பான இருட்டில் குட்டைவாலி ஏற்கெனவே இருந்தாள். நெட்டைக்காலன் குவியலில் கைவைக்காமல் ஓரமாகவே நின்றான். அவள் நல்ல கதிராக ஒன்றைப் பொறுக்கி அவன் பக்கம் தள்ளினாள்.

"தின்னுங்க அண்ணே. பசியோட நிக்காதீங்க."

ஒரு பொருளுக்கு இரண்டு வழி இருந்தால் பொருள் இரண்டாகிவிடாது. ஆனால் ஒரு வழி அடைபடும் நாளில், அந்தப் பொருள் நம் கைக்கு எட்டாமல் போவதும் இல்லை.