கல்மேட்டில் மேய்ந்த மயிலை

ஒரு காட்டில், ஒரு நாவல் மரத்தடியில் அன்று கூடியிருந்தவர்கள்: காளை ஒன்று, பசுக்கள் பத்து, கன்றுகள் ஏழு, காளையின் முதுகில் உண்ணிக்கொக்கு ஒன்று. ஆக மொத்தம் பத்தொன்பது.

அந்த மந்தையில் ஒரு வழக்கம் இருந்தது. கன்று ஈன்ற பசுக்கள் ஓடைக்கரையில் மேயும். ஈனாத மூன்றும் கல்மேட்டில் மேயும்; சாம்பல் நிற மயிலைப் பசு அவற்றில் ஒன்று.

காளை சொன்னது: "மயிலை மூன்று ஆண்டுகளாக ஈனவில்லை. மலட்டு வம்சத்துக்கு இங்கே இடமில்லை. நாளை அவள் ஓடைக்கு அப்பால் போகட்டும்."

ஓடைக்கு அப்பால் புலி இருந்தது. மயிலை தலையைக் குனிந்துகொண்டது.

"நான் நான்கு ஈன்றேன். என் ரத்தம் அப்படி," என்றது செவலைப் பசு, அசைபோட்டபடியே.

கொக்கு காளையின் காதருகே நகர்ந்தது. "அண்ணே, ஒரு சந்தேகம். செவலையின் தாய் யார்?"

"நெட்டைக்கொம்பி."

"மயிலையின் தாய்?"

காளை தயங்கியது. "அவளேதான். தகப்பனும் ஒருவன்தான்."

"அப்படியானால் வம்சம் ஒன்று. இருவர் கொம்பிலும் ஒரே வளைவு. அது தாய் கொடுத்தது. ஆனால் கன்று பிறக்க வயிற்றில் புல்லும் வேண்டுமே. காலில் முள் தைத்த ஆண்டு மயிலை ஈனவில்லை. உடனே மேட்டுக்கு அனுப்பினீர்கள். இன்று அவள் விலா எலும்புகளை எண்ணினேன். பக்கத்துக்குப் பதின்மூன்றும் தெரிகின்றன."

"கரைப்புல் எல்லோருக்கும் போதுமா?"

"ஏழு பேரும் தின்றது பாதி, மிதித்தது பாதி. முதுகின் மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியும்."

காளை மிதிபட்ட கரைப்புல்லைத் திரும்பிப் பார்த்தது. "இரண்டு மழைக்காலம் பார்ப்போம். மூன்று பேரும் கரைக்கு வரட்டும்."

செவலை முணுமுணுத்தது. ஆனாலும் ஓரடி நகர்ந்து இடம் கொடுத்தது.

இரண்டாம் மழையில் மயிலை ஒரு கிடாரிக் கன்றை ஈன்றது.

"உண்ணி பொறுக்க வந்த நீ என் உயிரையும் காத்தாய்," என்று கொக்கிடம் சொன்னது. பிறகு செவலையிடம் திரும்பியது. "அக்கா, நீ நகர்ந்த அந்த ஓரடியை மறக்கமாட்டேன்."

செவலை கன்றை நக்கிக் கொடுத்தது. "இவளுக்கும் அம்மாவின் கொம்புதான் வரும், பார்."

கொக்கு எண்ணியது. அந்த மழையில் பிறந்த கன்றுகள் ஒன்பது. ஈனாதது மேட்டிலிருந்து வந்த கறுத்த காரிப் பசு மட்டும். அதற்கு வயது பதினெட்டு.

"அவளும் கரையிலேயே மேயட்டும்," என்றது காளை.

கல்மேட்டில் மிஞ்சிய பசுக்கள்: பூஜ்யம்.

நீதி: குலத்தைக் குறை சொல்லுமுன், கொடுத்த புல்லை எண்ணிப் பார்.